நூற்றுப்பத்துக்கு எழுபது

பெயர் எழுத வேண்டியதில்லை என்று தாளின் தலைமாட்டிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் தங்கபுஷ்பத்துக்கு முதல் சந்தேகம் தட்டியது. பெயர் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அதைக் கண்டுபிடிக்க வேறு வழி கைவசம் இருப்பவர்கள் சொல்வார்கள். பத்தொன்பது வருஷமாகக் கிராம சுகாதார செவிலியர் வேலை பார்க்கிறாள், ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா, இத்தனை வருஷத்தில் மேலேயிருந்து அவளிடம் வந்த கேள்வி இரண்டே இரண்டுதான், எத்தனை முடித்தாய், ஏன் முடிக்கவில்லை. இன்றைக்குத் திடீரென்று உனக்கு என்னம்மா வேண்டும் என்கிறார்கள். 'களப்பணியாளர் கைக்கணினி: நீங்கள் விரும்பும் மேம்பாடுகள்.' இடது பக்கம் வன்பொருள், வலது பக்கம் மென்பொருள், நடுவில் ஒரு கோடு. ஆரம்ப சுகாதார நிலையத்து மாடி ஹாலில் இருபத்தெட்டு செவிலியர்கள் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமலிருக்க ஆளுக்கொரு டேப்பை, அந்தக் கைக்கணினியைத்தான், மேலே தூக்கி வைத்திருந்தார்கள், இந்த ஐந்து வருஷத்தில் அந்தச் சனியன் முகம் சுளிக்காமல் செய்த வேலை அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. சென்னையிலிருந்து வந்திருந்த நிரஞ்சன் என்கிறவர், டேப்புக்குள் இருக்கிற செயலியைச் செய்து கொடுத்த கம்பெனிக்காரர், தாளை வரிசையாகத்தான் கொடுத்துக்கொண்டு வந்தார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட அதே வரிசை, அவளுடையது பதினொன்றாவது கையெழுத்து, பதினொன்றாவது தாள், அப்புறம் பெயர் எதற்கு? போதாக்குறைக்குப் பேனாவையும் அவர்களே கொடுத்திருந்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லாமலிருந்தால் அவளும் நாலு வரி கிறுக்கிக் கொடுத்துவிட்டு டீ வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பயப்பட ஒன்று இருந்தது. காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, நத்தைக்குளம் மாரிச்செல்விக்கு, எட்டு மாதக் கர்ப்பிணி, தலைச்சன் பிள்ளை, கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரத்த அழுத்தம் நூற்றுப்பத்துக்கு எழுபது என்று டேப்பில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.

சரி, எழுதித் தொலைப்போம் என்று பேனாவை எடுத்தாள். பேட்டரி. பதினொரு மணிக்கெல்லாம் செத்துப்போகிறது, நாள் முழுக்க நிற்கிற பேட்டரி வேண்டும், இதில் என்ன வில்லங்கம் வந்துவிடப்போகிறது என்று இடது பக்கம் 'பே' போட்டாள், போட்ட கையோடு நின்றாள். ஏன் சிஸ்டர், மற்றவர்களுக்கெல்லாம் மூன்று மணி வரைக்கும் நிற்கிறதே, உங்களுக்கு மட்டும் ஏன் பதினொன்றுக்குச் சாகிறது, அதில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால்? பேத்திக்குச் சோறு ஊட்டுகிற நேரத்தில் பொம்மைப் படம் போட்டுக் காட்டியது உண்டு. அது உள்ளே எங்காவது பதிவாகியிருக்கும். வேண்டாம், பேட்டரி வேண்டாம். வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியவில்லை, கரிச்சட்டியைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது, அதை எழுதலாமா? அப்படியென்றால் நீங்கள் வெயிலில் வீடு வீடாக நின்று பதிவதில்லை, எங்கேயோ நிழலில் உட்கார்ந்து மொத்தமாக அடிக்கிறீர்கள், அப்படித்தானே என்பார்கள். அப்படித்தான். நத்தைக்குளத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர் டேங்கின் அடி, வீடுகளில் பார்த்ததை நோட்டில் குறித்துக்கொண்டு வந்து அந்த டேங்கின் நிழலில் நின்று ஒரு மணி நேரத்தில் அத்தனையும் ஏற்றுவாள், மேலே உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்கிறவனுக்கு நத்தைக்குளத்துக் கர்ப்பிணிகள் அத்தனை பேரும் ஒரு டேங்குக்கு அடியில் ஒண்டிக் குடித்தனம் நடத்துவதாகத்தான் தெரியும். எனவே சிக்னல் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும் என்று எழுதக்கூடாது. வேர்த்த விரலுக்கும் திரை மசிய வேண்டும் என்று எழுதினால் வேர்க்கிற அளவுக்கு அப்படி என்ன வேலை என்பார்கள். போன தேதிக்குப் பதிய விட வேண்டும் என்று எழுதினால் போச்சு, கழுத்தை நீட்டிக் கொடுத்த மாதிரி. பக்கத்து வட்டாரத்தில் குணவதி என்று ஒருத்தி இருந்தாள், ஒரு கூட்டத்தில் எழுந்து, இந்த டேப்பைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை கழன்றுவிட்டது, கொஞ்சம் எடையைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்தார், மூன்றே மாதத்தில் அவளை மலைமேல் தூக்கிப் போட்டார்கள், டேப்போடு சேர்த்து. அது வழக்கமான மாறுதல்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு, தங்கபுஷ்பம் நம்பியதில்லை. பெயர் தேடுகிற இடத்தைச் சரிசெய்யுங்கள் என்று எழுதலாம், அதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது, செல்வி என்று அடித்தால் நாற்பது செல்வி வந்து நிற்கிறார்கள், பொன்செல்வி, முத்துச்செல்வி, தமிழ்ச்செல்வி, மாரிச்செல்வி. மாரிச்செல்வி ஏன் மெட்டியைக் கழற்றினாள்?

இந்தக் கேள்வி இப்போது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது. காலையில் போனில் பேசும்போது அது மாமியார் மருமகள் சண்டையாகத்தான் காதில் விழுந்தது, பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு சிரிக்கவும் செய்தாள். "எக்கா, இன்னைக்கு வருவீங்கன்னு வாசலப் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் அந்தப் பிள்ளை. "இன்னைக்கு மீட்டிங் தாயி, நாளைக்கு மொத ஆளா ஒன் வீட்டுக்குத்தான். எப்படி இருக்க?" "நல்லாத்தான் இருக்கேன். காலங்காத்தால அத்தைதான் ஏசுதாங்க, மெட்டியக் கழட்டி வச்சுட்டேன்னு. புருசன் உசுரோட இருக்கும்போது எவளாவது கழட்டுவாளாங்காங்க." "அவங்க கெடக்காங்க விடு." "பிரசர் பாக்கணும்னீங்களேக்கா?" அப்போதுதான் தூரத்தில் பஸ் திரும்பியது, ஒரு கையில் பை, ஒரு கையில் டேப், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், திரையில் மாரிச்செல்வியின் பெயர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது, இன்றைய தேதிக்குப் பார்க்க வேண்டியவள் பாக்கி என்று. "ஒனக்கு எல்லாம் நார்மல்தான் தாயி, நான் போட்டுட்டேன், நிம்மதியா இரு" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள், நூற்றுப்பத்து, எழுபது, பச்சை. சொன்னது முதலிலா அடித்தது முதலிலா என்றுகூட இப்போது ஞாபகமில்லை. பச்சையானதும் மனசு லேசானது மட்டும் நன்றாக ஞாபகமிருந்தது. சரி, மெட்டி. வெள்ளி மெட்டி, கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகிறது, அதைக் கழற்றினால் ஏச்சு விழும் என்று தெரியாத பெண்ணா அவள்? தெரியும். தெரிந்தும் கழற்றினாள் என்றால் போட முடியாமல் கழற்றியிருக்கிறாள். இறுக்கியிருக்கிறது. விரல் வீங்கியிருக்கிறது. எட்டாம் மாதத்தில் எல்லோருக்கும்தான் கால் கொஞ்சம் வீங்கும், நின்று வேலை பார்த்தால் வீங்கும், வெயிலுக்கு வீங்கும், தங்கபுஷ்பத்துக்கே மகளைச் சுமந்தபோது வீங்கியது. எத்தனை கால் பார்த்திருக்கிறாள், இதற்கெல்லாமா பதறுவது? ஆனால் போன வாரம் பார்த்தபோது அந்தக் காலில் வீக்கமே இல்லையே. போன வாரம் பார்த்தாளா? பார்த்தாள், நோட்டில் இருக்கும். பையிலிருந்து நோட்டை எடுக்கலாமென்று கை போனது, போன கை நின்றது, இந்த நேரத்தில் நோட்டைப் புரட்டினால் அந்தக் கம்பெனிக்காரர் பார்ப்பார், டேப் கொடுத்த பிறகும் நோட்டு எதற்கு என்று அதையும் குறித்துக்கொள்வார்.

டேப் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல்விளிம்பில் இருக்கிற கேமராக் கண்ணில் அவள் ஒரு ஒட்டுப்பொட்டை ஒட்டி வைத்திருந்தாள், மெரூன் கலர், ஐந்து வருஷத்தில் எத்தனையோ பொட்டு மாற்றியாகிவிட்டது, அது என்னத்தைப் பார்க்கிறதோ யாருக்குக் காட்டுகிறதோ, புடவை மாற்றுகிற வீட்டில்தானே அதுவும் இருக்கிறது. அதற்குக் கண்ணை மறைக்கலாம், மற்றதை எப்படி மறைப்பது? நோட்டுக் காலத்தில் இந்த அவஸ்தை இல்லை. வீடு பூட்டியிருந்தால், பெண் தாய்வீட்டுக்குப் போயிருந்தால், பிரஷர் மிஷினின் கைப்பட்டை கிழிந்திருந்தால், அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுப்பாள், அவ்வளவுதான், பார்க்கவில்லை என்று அர்த்தம், கோட்டைப் பார்த்து யாரும் கோபித்துக்கொண்டதில்லை, டாக்டர் பார்த்தால் இவளைப் போய்ப் பாருங்கள் என்று வட்டம் போட்டுக் கொடுப்பார். டேப்புக்குக் கோடு தெரியாது. எண் போட்டால்தான் அடுத்த பக்கம், எண் போடாவிட்டால் அதே பக்கத்தில் நின்று மிரட்டும், இந்தக் கட்டத்தை நிரப்பவும், இந்தக் கட்டத்தை நிரப்பவும். முதல் தடவை அவள் அரைமணி நேரம் அதோடு மல்லுக்கட்டினாள். சைபர் போட்டாள், ஏற்கவில்லை. அப்புறம் யாரோ சொல்லிக்கொடுத்தார்கள், யார் என்று யோசித்தால் எல்லோர் முகமும் வருகிறது, நூற்றுப்பத்துக்கு எழுபது போட்டுவிட்டுப் போங்கள், யாரையும் தொந்தரவு செய்யாத எண் அது. உண்மைதான், யாரையும் அது தொந்தரவு செய்யவில்லை. முதலில் பூட்டிய வீட்டுக்கு மட்டும் போட்டார்கள், அப்புறம் மழைக்குப் போட்டார்கள், அப்புறம் கூட்டம் இருக்கிற நாளில் போட்டார்கள், இந்த வட்டாரத்தில் எத்தனை பெண்கள் அந்த எண்ணைச் சுமந்துகொண்டு பிள்ளை பெற்றிருக்கிறார்களோ. எல்லோரும் நன்றாகத்தான் பெற்றார்கள். எல்லோருமா? எல்லோரும். போன மாதக் கூட்டத்தில் அவளுக்கு இரண்டு சிவப்பு இருந்தது, எழுந்து நிற்க வைத்தார்கள், புள்ளிவிவரம் பார்க்கிறவர் எல்லோர் முன்னாலும், ஏன் சிஸ்டர் வயசாயிடுச்சா என்றார், நாற்பத்தாறு வயசில் அவள் ஸ்கூல் பிள்ளை மாதிரி நின்றாள், அந்த இரண்டு நிமிஷத்தில் உடம்பெல்லாம் கூசிப்போனது. இன்றைக்கு நிற்கக்கூடாது என்றுதான். அதற்காக மட்டும்தான். பிரஷர் மிஷின் மடியில் இருக்கிற பையிலேயே இருந்தது, அதுவும் புது மிஷின், காலையில் ஒரு பஸ்ஸை விட்டிருந்தால் நத்தைக்குளம் போய்ப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் தாமதமாக வந்திருக்கலாம். தாமதத்துக்கும் நிற்க வைப்பார்கள்.

அப்படியென்றால் வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. பேட்டரியும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம், எடையும் இருந்துவிட்டுப் போகட்டும். 'பார்க்கவில்லை' என்று சொல்ல ஒரு கட்டம் வேண்டும். வலது பக்கம், மென்பொருள், ஒரே வரி. அதை எழுதினால் அடுத்த நிமிஷமே கேள்வி வரும், அந்தக் கட்டம் இல்லாத இந்த ஐந்து வருஷமும் என்ன போட்டீர்கள்? இதைக் கறந்தெடுக்கத்தான் இந்தத் தாளையே கொடுத்திருக்கிறார்களோ என்று அவளுக்கு இப்போது நிச்சயமாகத் தோன்ற ஆரம்பித்தது, மேம்பாடாவது மண்ணாவது, இருபத்தெட்டு பேரில் எவள் வாயைக் கொடுக்கிறாள் என்று பார்க்கத்தான். பக்கத்து நாற்காலி சகாயமேரி இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள், அவளைத் தங்கபுஷ்பம் எப்போதுமே நம்பியதில்லை, சாப்பாட்டு வேளையில் அலுவலகத்து ஆட்களோடு போய் உட்காருகிறவள், எண் போடுவதிலும் கெட்டிக்காரி, எல்லோரையும் போல நூற்றுப்பத்து எழுபது போடமாட்டாள், நூற்றுப்பன்னிரண்டு எழுபத்துநாலு, நூற்றுப்பதினெட்டு எழுபத்தாறு என்று மாற்றி மாற்றிப் போடுவாள், அப்போதுதான் நிஜம் மாதிரி இருக்குமாம். "எக்கா, வன்பொருள்னா என்னத்த எழுத?" என்று அவளே இப்போது குனிந்து கேட்டாள். "தட்டுனா டொக்குன்னு சத்தம் வாரது எல்லாம் வன்பொருளு." "அப்ப அந்தப் புள்ளிவிவரத்தாரு மண்டையையும் சேத்துக்கலாமா?" சிரிப்பு வரவில்லை. இவள் ஏன் இன்றைக்கு வந்து பேச்சுக் கொடுக்கிறாள், நான் என்ன எழுதுகிறேன் என்று பார்க்கவா? "நீங்க என்னக்கா எழுதுனீங்க?" "பேட்டரி." "நானும் பேட்டரிதான்" என்று சொல்லிவிட்டு சகாயமேரி அவசரமாகத் தாளைத் திருப்பிக்கொண்டாள். திருப்புகிற நேரத்தில் தெரிந்தது, அந்தத் தாளில் ஒன்றும் மிச்சமில்லை, நாலைந்து வரி எழுதி எழுதி அடித்திருந்தாள்.

மாரிச்செல்விக்கு ஒரு போன் போட்டுப் பார்த்துவிட்டால் இந்த அரிப்பு நின்றுவிடும். நாற்காலியில் சரிந்து முந்தானைக்குள் போனை வைத்து அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. குழாயடியில் இருப்பாள். எட்டு மாதத்தில் குழாயடிக்கு யார் அனுப்புவார்கள், அந்த மாமியார் அனுப்பினாலும் அனுப்புவாள். போனை வீட்டில் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருப்பாள். என் மேல் கோபமாக இருப்பாளோ, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராததற்கு? அந்தப் பிள்ளைக்குக் கோபப்படத் தெரியாது. இரண்டாவது தடவை ஐந்தாவது மணியில் எடுத்தது மாமியார். "யாரு, நர்சம்மாவா? அவ படுத்திருக்கா. காலையில ஒங்ககிட்டப் பேசிட்டுப் போய்ப் படுத்தவதான். தலை இடிக்குதாம், வெளிச்சம் ஆகலையாம், ஜன்னலச் சாத்திட்டுக் கெடக்கா. நான் ரெண்டு வார்த்தை ஏசிட்டேன்ல, அந்தக் கோவம், வேறென்ன." வீக்கம், தலைவலி, வெளிச்சத்துக்குக் கூசுகிற கண், ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதற்கு முன்னால் வருகிறவை இவை என்று தங்கபுஷ்பம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கண்ணு முன்னால ஏதாச்சும் மின்னுதா, பூச்சி பறக்குற மாதிரி இருக்கான்னு கேளுங்க." போனை மூடாமலே அந்த அம்மாள் உள்ளே போய்க் கேட்டதும், முனகலாக ஏதோ பதில் வந்ததும் காதில் விழுந்தது. "ஆமான்னுதான் சொல்லுதா. மினுக்கு மினுக்குன்னு பறக்குதாம்." "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நடக்க விடாதீங்க. நான் வாரேன்."

ஹாலின் முன்னால் மேஜையில் உட்கார்ந்திருந்த டாக்டர் பர்வீனிடம் போவதற்குப் பதினைந்து அடி தூரம்தான் இருக்கும், அவளுக்கு அது நத்தைக்குளம் தூரம் இருந்தது. போகிற வழியெல்லாம் மனசு வேறு வேறு பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்தது, பாழாய்ப்போன மனசு, அந்த நேரத்திலும் தன்னைத்தான் முதலில் பார்த்துக்கொண்டது. "டாக்டர், நத்தைக்குளத்துல ஒரு பொண்ணு, முப்பத்திநாலு வாரம், தலைவலி, கண்ணுல பூச்சி பறக்குதுங்கா. வண்டி வேணும்." டாக்டர் உடனே மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "பேரு? மாரிச்செல்வி... பச்சையிலதானே இருக்கு. ஒன்பது நாப்பதுக்கு நூத்திப்பத்துக்கு எழுபது. நீங்கதான் போட்டிருக்கீங்க." நிரஞ்சன் எட்டிப் பார்த்தார், முகமெல்லாம் சந்தோஷம். "ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி எடுத்தது மேடம், எவ்வளவு வேகமா இங்க வந்திருச்சு பாருங்க." டாக்டர் அவரைக் கவனிக்கவில்லை. "காலையில நேர்ல பாத்தப்ப கால் வீக்கம் இருந்துச்சா சிஸ்டர்?" தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். "இப்ப ஏறியிருக்கும் டாக்டர்" என்றுதான் வந்தது. பாதிப் பொய், நல்ல பொய், யாருக்கும் கெடுதல் இல்லாமல் வண்டியை வரவழைத்துவிடக்கூடிய பொய் என்று நினைத்தாள். டாக்டர் திரையைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார். "நூத்திப்பத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துல அவ்வளவா ஏறாது. தூக்கமில்லாத தலைவலியாக்கூட இருக்கும். வண்டி மருந்து எடுக்கப் போகணும், வந்ததும் நானே கூட வாரேன், ஒரு மணி நேரத்துல போயிரலாம்." ஒரு மணி நேரம். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அந்த எண் நிஜமாக இருந்தால் எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். அந்த எண் அங்கே திரையில் அத்தனை தெளிவாக, சுத்தமாக உட்கார்ந்திருந்தது, காலமெல்லாம் யாரையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, சந்தேகப்பட வேண்டிய ஒரே பொருள் தன் கையால் போட்டதுதான் என்று அப்போது தெரிந்தது, அதை இந்த ஹாலில் அவளைத் தவிர வேறு யாராலும் சந்தேகப்பட முடியாது. "டாக்டர், நான் பாக்கல" என்றாள். "எதை?" "பிரசர். கையத் தொடவே இல்ல. பஸ் ஸ்டாப்புல நின்னு போட்டேன். அந்த நம்பர் பொய் டாக்டர்."

பின்னால் இருபத்தேழு பேனாக்களும் நின்றுவிட்டன. டாக்டர் பர்வீன் அவளை ஒரு தடவை பார்த்தார், திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது, திட்டவில்லை, எழுந்து வாசலைப் பார்த்து டிரைவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ஊசி மருந்து டப்பாவை எடுக்கச் சொன்னார். "ஏறுங்க வண்டியில. மத்தத அப்புறம் பேசிக்கலாம்." அந்த அப்புறம் என்ன என்பது தங்கபுஷ்பத்துக்குத் தெரியும், விளக்கம் கேட்டு ஓலை வரும், தற்காலிக நீக்கமும் வரலாம், மலையும் வரலாம், அதைப் பற்றிய பயம் இருக்கத்தான் செய்தது. பையை எடுக்க நாற்காலிக்குத் திரும்பியபோது சகாயமேரி எழுந்து நின்றுகொண்டிருந்தாள், முகம் வெளிறிப்போய், தாள் கையில் கசங்கியிருந்தது. "டாக்டர், கொல்லம்பட்டறையில எனக்கும் ஒருத்தி இருக்கா. நானும் போய்ப் பாக்கணும்" என்றாள். நிரஞ்சன் யாரிடமோ, என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் மாரிச்செல்வி இடது பக்கமாக ஒருக்களித்துத்தான் படுத்திருந்தாள். "வந்துட்டீங்களாக்கா" என்று சிரிக்கப் பார்த்தாள், முகம் உப்பிக் கண் இடுங்கியிருந்தது. தங்கபுஷ்பம் கைப்பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். நூற்று எழுபதுக்கு நூற்றுப்பத்து. டாக்டர் ஊசியை எடுத்தார், போட்டார், தூக்கி வண்டியில் படுக்க வைத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டர், டாக்டர் முன்னால் உட்கார்ந்து அவர்களுக்குப் போன் போட்டுத் தயாராக இருக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். மாமியார் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். மாரிச்செல்வி தங்கபுஷ்பத்தின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "பயப்படாத, நேரத்தோட வந்துட்டோம்" என்றாள் தங்கபுஷ்பம், அது நிஜம்தானா என்று தெரியாமலே. கொஞ்ச தூரம் போனதும் மாரிச்செல்வி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "காலையில நல்லாத்தான இருந்துச்சு, அதுக்குள்ள எப்படிக்கா இவ்வளவு ஏறுச்சு? நீங்க உப்பு சேக்காதன்னு சொல்லியும் நான் நேத்து ஊறுகா தொட்டுக்கிட்டேன்க்கா. அதுனாலயா? நான்தான் பிள்ளைக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?" மாமியார் அழுகையை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தாள். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும், அந்த ஊறுகாய் எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்ளும், அந்த வீட்டில் வருஷக்கணக்காகப் பேசுவார்கள். ஹாலில் டாக்டரிடம் சொன்னது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று இருந்தது. "ஊறுகாயால இல்ல தாயி" என்றாள் தங்கபுஷ்பம். "காலையில நல்லாருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. நான் ஒன்னப் பாக்கவே இல்லியே. பாக்காமலே நார்மல்னு சொல்லிட்டேன்." மாரிச்செல்வி கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெளிச்சம் கூசியும் மூடவில்லை. அப்புறம் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.